பழைய நிரலும் புதிய பதிவேடும்

மருத்துவமனைக்கு வரும் நோயாளி ஒருவரைப் பற்றிய விவரங்கள் ஒரே இடத்தில் தங்குவதில்லை. புறநோயாளர் சீட்டில் சிறிது, ஆய்வுக்கூடத்துப் பேரேட்டில் சிறிது, மருந்தகத்தின் கணக்கில் சிறிது, செவிலியர் எழுதும் வெப்பநிலை அட்டையில் சிறிது என அவை சிதறிக் கிடக்கும். மருத்துவர் ஒரு முடிவுக்கு வருமுன் இவற்றையெல்லாம் ஒருங்கே காண வேண்டும். காணத் தவறினால், முன்பு ஒவ்வாமை தந்த மருந்தையே மீண்டும் எழுதிவிட நேரலாம். இவ்விவரங்களைக் கணிப்பொறியில் ஒன்றுசேர்க்கும் முயற்சி 1960களிலேயே தொடங்கிவிட்டது. அன்று எழுதப்பட்ட நிரல்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வேலை செய்து வருகின்றன. பழையதை அகற்றிப் புதியதை அமைப்பது, தேய்ந்த பம்பு ஒன்றை மாற்றிப் புதுப் பம்பு பொருத்துவது போன்ற வேலை எனத் தோன்றும். அப்படியன்று என்பதை அமெரிக்க நாட்டு முன்னாள் படைவீரர் நல இலாகாவின் அனுபவம் நன்கு விளக்கும். நம் நாட்டுச் சுகாதாரப் பதிவுகள் ஏட்டிலிருந்து கணிப்பொறிக்கும், ஒரு கணிப்பொறி முறையிலிருந்து மற்றொன்றுக்கும் மாறிவரும் இந்நாளில் அவ்வனுபவம் நமக்கும் உரியதே.

ஓரெழுத்துக் கட்டளைகள்

பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், டாக்டர் ஆக்டோ பார்னெட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், 1966-67ஆம் ஆண்டுகளில் நீல் பப்பலார்டோவும் அவருடைய சகாக்களும் ஒரு கணிப்பொறி மொழியை உருவாக்கினர். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் ‘மம்ப்ஸ்’ என வரும். நாம் பொன்னுக்குவீங்கி என்று வழங்கும் நோய்க்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். மருத்துவமனையில் பிறந்த மொழிக்கு இப்பெயர் வாய்த்தது வேடிக்கைதான். பின்னாளில் சிலர் அதனை ‘எம்’ என்று மட்டும் அழைக்கலாயினர்.

அக்காலத்துக் கணிப்பொறியின் நினைவகம் மிகச் சிறியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதனுள் அடங்காது. அச்சிறிய இடத்தையும் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகவே நிரல் எழுதுவோர் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணிச் செலவிட்டனர். ஒரு மதிப்பை இடுவதற்கு ‘எஸ்’, நிபந்தனை கூறுவதற்கு ‘ஐ’, வெளியேறுவதற்கு ‘க்யூ’ என ஓரெழுத்தே கட்டளையாயிற்று. அழிப்பதற்கு ‘கே’. இந்தக் ‘கே’ என்னும் எழுத்தின் பின் நோயாளர் கோப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டால், அதன்கீழ் உள்ள நோயாளர் அனைவரின் பதிவுகளும் அழிந்துபோம். அச்சமூட்டும் சிக்கனம் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய செய்தி ஒன்றுண்டு. 2 + 3 × 4 என்ற கணக்கின் விடை 14 எனப் பள்ளியில் கற்பிக்கிறோம். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பது விதி. மம்ப்ஸ் மொழிக்கு அவ்விதி கிடையாது. அது இடமிருந்து வலமாக வரிசையாகச் செய்துகொண்டே போகும். எனவே அதன் விடை 20. அம்மொழியில் எழுதுவோர் இதனை அறிந்து, வேண்டிய இடத்தில் அடைப்புக் குறியிட்டு எழுதினர். அது பிழையன்று, அம்மொழியின் வழக்கம். ஆனால் அந்நிரலை வேறொரு மொழிக்குப் பெயர்ப்பவர் இவ்வழக்கத்தை மறந்து வரிக்கு வரி பெயர்த்தால், மருந்தின் அளவைக் கணக்கிடும் வரியொன்று ஓசையின்றி மாறிவிடும்.

மம்ப்ஸின் உண்மையான சிறப்பு, விவரங்களைச் சேமிக்கும் முறையில் இருந்தது. நாம் பழகிய பதிவேட்டில் கட்டங்கள் உண்டு. விவரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டம் இடம் பிடிக்கும். மம்ப்ஸ் கட்டங்களை விடுத்து மரத்தின் கிளைகளைப் போல் விவரங்களை அமைத்தது. ஒரு நோயாளிக்கு நூறு இரத்தப் பரிசோதனைகள் நடந்திருந்தால் நூறு கிளைகள் வளரும். மற்றொருவருக்கு ஒன்றும் நடக்கவில்லையெனில் கிளையே இராது, இடமும் வீணாகாது. மருத்துவ விவரங்களின் இயல்புக்கு இது மிகவும் பொருந்திற்று. 1979இல் தொடங்கப்பெற்று இன்று அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் வழங்கும் ‘எபிக்’ என்னும் நிரல் தொகுதியின் அடித்தளமும் இம்மரபினதே. ஆகவே மொழி பழையது என்பது மட்டுமே ஒரு நிரலைக் குற்றங்கூறப் போதிய காரணமாகாது.

தெரியாததற்கும் ஓர் இடம்

முன்னாள் படைவீரர் நல இலாகா 1970களின் பிற்பகுதியில் மம்ப்ஸைக் கைக்கொண்டது. சரியாகச் சொன்னால், இலாகா அன்று. அதன் மருத்துவமனைகளில் பணிபுரிந்த சிலர். தலைமையிடத்துக் கணிப்பொறிப் பிரிவு இதனை விரும்பவில்லை. எனினும் நிரலர்கள் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளர்கள் ஆகியோரின் பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் கேட்டதைக் கேட்டபடி எழுதிக் கொடுத்தனர். 1982இல் இலாகா இம்முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1990களில் இதற்கு ‘விஸ்டா’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

விஸ்டாவின் முதுகெலும்பு, ஜார்ஜ் டிம்சன் என்பவர் எழுதிய ‘ஃபைல்மேன்’. கோப்புகளையும் அவற்றிலுள்ள ஒவ்வொரு விவரத்தின் பெயர், வகை, பொருள் ஆகியவற்றையும் கூறும் ஓர் அகராதியை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. நோயாளர் கோப்பின் முதல் வரியில் பெயர், பாலினம், பிறந்த நாள் முதலியன ஒரு கூரைக் குறியால் பிரிக்கப்பட்டு அடுத்தடுத்து நிற்கும். பிறந்த நாள் எழுதப்படும் விதத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஆண்டிலிருந்து 1700ஐக் கழித்து, வரும் மூன்று இலக்கங்களின் பின் மாதத்தையும் நாளையும் இரண்டிரண்டு இலக்கங்களாக எழுதுவர். 1923 ஜூலை 14 என்பது 2230714 ஆகும். நூற்றாண்டு விடுபடாமையால், 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பல கணிப்பொறிகளை அச்சுறுத்திய ஈரிலக்க ஆண்டுக் குழப்பம் இவ்வமைப்பைத் தீண்டவில்லை.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. நோயாளி, ‘ஜூலை மாதம் என்று தெரியும், நாள் தெரியாது’ என்றால் 2230700 என எழுதலாம். ஆண்டு மட்டுமே தெரியுமெனில் 2230000. பூச்சியங்கள் இங்குப் பிழையல்ல. ‘இதனை நாம் அறியோம்’ என்பதன் அறிவிப்பு. அறியாமையைப் பதிவு செய்வதற்கும் ஓர் இடம் விட்டுவைத்த அமைப்பு இது. மருத்துவப் பதிவேட்டை ஆராய்பவர், அது அறிந்தவற்றை எப்படிச் சேமிக்கிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், அறியாதவற்றை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

மருத்துவமனைத் தளத்தில் வேலை செய்வோரின் கை இத்தொகுதியில் தொடர்ந்து இருந்துவந்தது. 1990களில் கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரில் பணிபுரிந்த சூ கின்னிக் என்ற செவிலியர், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் அதிலுள்ள கோட்டுக் குறியை ஒரு கருவியால் படித்ததைக் கண்டார். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையிலும் மருந்துப் பொட்டலத்திலும் அத்தகைய குறியை இட்டு, இரண்டையும் ஒப்பிட்டபின் மருந்து கொடுத்தால் ஆள் மாறாட்டம் நேராதே என எண்ணினார். அவ்வெண்ணம் விஸ்டாவின் ஒரு பகுதியாக வளர்ந்து நாடெங்கும் பரவியது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அந்நகர்ப் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகள் சில நாட்களுக்குள் வேறு ஊர்களில் கிடைத்தன. காகிதப் பதிவுகளையே நம்பியிருந்த இடங்களில் அவை நீரோடு போயின.

மாற்றத்தின் வரலாறு

இத்துணைச் சிறப்பிருந்தும் மாற்ற வேண்டிய அவசியம் ஏன் எழுந்தது? முதற் காரணம், விஸ்டா ஒன்றன்று என்பதே. மருத்துவமனைக்கு மருத்துவமனை தன் தேவைக்கேற்ப அதனைத் திருத்திக்கொண்டமையால், ஏறக்குறைய 130 விஸ்டாக்கள் உண்டாயின. ஒரே இரத்தப் பரிசோதனைக்கு ஓரிடத்தில் ஒரு பெயர், மற்றோரிடத்தில் வேறு பெயர். ஓரிடத்தில் ஓர் எண், மற்றோரிடத்தில் வேறோர் எண். ஊர் மாறிச் செல்லும் நோயாளியின் இரு முடிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க இயலவில்லை. மேலும் அம்மொழி அறிந்தோர் ஓய்வு பெற்று வந்தனர். இளைஞர் அதனைக் கற்க முன்வரவில்லை. படைத்துறையின் பதிவேட்டோடு இணையும் தேவையும் இருந்தது.

முயற்சிகள் பல நடந்தன. வெளிநோயாளருக்கு நாள் குறித்துக் கொடுக்கும் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்க 9 ஆண்டுகளில் 12 கோடியே 70 லட்சம் டாலர் செலவாயிற்று. ஆயினும் அது எந்த மருத்துவமனையிலும் பயனுக்கு வராமலேயே 2009இல் நின்றது. படைத்துறையுடன் சேர்ந்து ஒரே பதிவேட்டை உருவாக்கும் திட்டம் 2011இல் தொடங்கி 2013இல் கைவிடப்பட்டது. இறுதியில் 2018 மே மாதத்தில், விஸ்டாவை முழுவதும் அகற்றி, சந்தையிலுள்ள ஆயத்தத் தொகுதியொன்றை நிறுவுவதென 1,000 கோடி டாலர் மதிப்புள்ள பத்தாண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2020 அக்டோபர் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகர மருத்துவமனையில் புதிய பதிவேடு முதலில் இயங்கத் தொடங்கியது.

அங்கு நேர்ந்ததை, இலாகாவின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2022 ஜூலை மாதத்தில் வெளியிட்ட அறிக்கையால் அறியலாம். மருத்துவர் ஒருவர் தம் நோயாளியை மற்றொரு பிரிவுக்கு அனுப்பும்படியோ ஒரு பரிசோதனை செய்யும்படியோ கணிப்பொறியில் கோரிக்கை எழுதுகிறார். அக்கோரிக்கை எந்த இடத்துக்குச் சேர வேண்டும் என்பதை நிரல் தன் பட்டியலில் தேடுகிறது. பட்டியலில் பொருத்தம் காணாதபோது, கோரிக்கையை ‘அறியப்படாத வரிசை’ என்னும் இடத்தில் போட்டுவிடுகிறது. எழுதிய மருத்துவருக்கு எச்சரிக்கை ஏதும் வராது. அவர் திரையில் கோரிக்கை அனுப்பப்பட்டதாகவே தோன்றும். பெற வேண்டிய பிரிவுக்கும் ஒன்றும் தெரியாது. நோயாளியோ அழைப்பு வருமென்று காத்திருப்பார். 2020 அக்டோபருக்கும் 2021 ஜூனுக்கும் இடையில் இவ்வாறு 11,000க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் அவ்வரிசையில் சென்று தங்கின. அவற்றை ஆராய்ந்ததில் 149 நேர்வுகளில் நோயாளிகளுக்குத் தீங்கு விளைந்ததாகக் கண்டறியப்பட்டது. அப்படியொரு வரிசை இருப்பதே பயனாளருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது அறிக்கையின் முடிவு. 2023 ஏப்ரலில் புதிய இடங்களுக்கு விரிவாக்குவது நிறுத்திவைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் படைத்துறையும் இலாகாவும் சேர்ந்து நடத்தும் சிகாகோ அருகிலுள்ள மருத்துவமனையில் மட்டும் அது நிறுவப்பட்டது. 2026இல் மிச்சிகன் மாநிலத்து நான்கு இடங்களில் பணியை மீண்டும் தொடங்குவதென 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

பழைய ஃபைல்மேனின் பூச்சியத்தையும் புதிய தொகுதியின் அறியப்படாத வரிசையையும் அருகருகே வைத்து நோக்குக. இரண்டும் ‘தெரியாது’ என்பதற்கான ஏற்பாடுகளே. முன்னது தெரியாததைப் பதிவிலேயே, பார்ப்பவர் கண்ணில் படும்படி நிறுத்துகிறது. பின்னது அதனைக் கண்ணில் படாத மூலைக்கு அனுப்புகிறது.

எங்ஙனம் மாற்றுவது

பழைய நிரலில் கை வைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அதற்கும் வெளியுலகுக்கும் இடையே தெளிவான வாயில் ஒன்றை அமைப்பதாகும். விஸ்டாவில் இதற்கு வழி முன்பே இருந்தது. 1990களின் பிற்பகுதியில் மருத்துவர்களுக்கென வண்ணத் திரைகளோடு கூடிய ஒரு முகப்பு எழுதப்பட்டது. அது பழைய மரத்தினுள் நேரே நுழையாமல், ‘இந்நோயாளியின் ஒவ்வாமைகளைக் கொடு’, ‘இம்மருந்தைப் பதிவு செய்’ என வரையறுத்த வேண்டுகோள்கள் மூலமே உள்ளே பேசிற்று. இத்தகைய வாயில் இருந்தால், உள்ளே ஒரு பகுதியைப் பழைய மொழியிலிருந்து புதிய மொழிக்கு மாற்றினாலும் வெளியே இருப்பவர் அறியமாட்டார். ஆய்வுக்கூடப் பகுதியை இவ்வாண்டு, மருந்தகப் பகுதியை அடுத்த ஆண்டு எனப் படிப்படியாக மாற்றலாம். மாற்றியது தவறினால் பழையதற்குத் திரும்பலாம். ஒரே இரவில் அனைத்தையும் மாற்றுவோர்க்கு இந்த வசதி கிட்டாது.

அடுத்தது பொருளைப் பிரித்தெடுத்தல். ஃபைல்மேனின் அகராதி இருப்பதால் கோப்பின் அமைப்பைக் கணிப்பொறியே படித்துச் சொல்லிவிடும். ஆயினும் அகராதியில் இல்லாத பொருள் நிரலின் வரிகளில் புதைந்திருக்கும். ஏன் இந்த மருந்துக்கு மட்டும் இரு கையொப்பம்? ஏன் இந்தப் பிரிவின் கோரிக்கை மட்டும் வேறிடத்துக்குப் போகிறது? என்றோ நேர்ந்த ஒரு விபத்தின் படிப்பினையாக ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கும்; எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். அத்தகைய வரியைத் தேவையற்றதெனக் கருதி நீக்கிவிடுவது எளிது. நீக்குமுன் அப்பிரிவின் மூத்த செவிலியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டறிய வேண்டும். இது நிரலருக்குப் பிடிக்காத வேலை. ஆனால் காலத்தின் பெரும்பகுதி இதற்கே செலவாகும்.

பரிசோதனைகளின் பெயர்க் குழப்பத்துக்குப் பொதுக் குறியீடுகள் உதவுகின்றன. ஆய்வுக்கூடப் பரிசோதனைகளுக்கு ‘லோயின்க்’ என்னும் பட்டியலை அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் கழகம் 1994இல் தொடங்கியது. நோய், உறுப்பு, சிகிச்சை முதலிய சொற்களுக்கு ‘ஸ்னோமெட்’ உண்டு. இந்தியா அதில் 2014இல் உறுப்பினரானது. நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்திய மின்னணுப் பதிவேட்டுத் தரவரையறை இவற்றைப் பரிந்துரைக்கிறது. எனினும் குறியீடு தானாகப் பொருந்துவதில்லை. பழைய ஏட்டில் ஆய்வுக்கூட ஊழியர், எண் எழுத வேண்டிய இடத்தில் ‘5க்குக் குறைவு’ என்றும் ‘மாதிரி உறைந்துவிட்டது’ என்றும் எழுதியிருப்பார். மம்ப்ஸ் எண்ணையும் எழுத்தையும் ஒரே தன்மையாய்க் கருதுவதால் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. எண்ணை மட்டுமே ஏற்கும் புதிய கட்டத்தில் அவை நுழையா. அவற்றை வெற்றிடமாக்கினால் பரிசோதனையே நடக்கவில்லை எனப் பொருள்படும். பூச்சியமாக்கினால் அதனினும் கேடு.

நம் பதிவேடுகள்

பிறந்த நாளுக்கு மீண்டும் வருவோம். நம் கிராமங்களில் வயது முதிர்ந்தோர் பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. மக்கட்கணக்கெடுப்பில் 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகள் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். ஆதார்ப் பதிவில் பிறந்த நாளைச் சரிபார்த்தது, கூறியது, ஏறக்குறைய என மூவகையாகப் பிரித்தமைக்கும் இதுவே காரணம். முழுத் தேதியின்றி ஏற்காத நிரலொன்றின் முன் அமர்ந்த களப்பணியாளர் என்ன செய்வார்? ஜனவரி 1 என்று எழுதுவார். அவரைக் குறைகூற இயலாது. ஆனால் ஓர் ஊரில் ஒரே பெயருடைய மூவர் ஒரே ஆண்டு ஜனவரி 1இல் பிறந்தவராகும்போது, பதிவுகளை இணைக்கும் நிரல் மூவரையும் ஒருவராகக் கருதிவிடக்கூடும். ஒருவரின் இரத்த வகை மற்றவர் ஏட்டில் ஏறும்.

இதற்கு வழி இல்லாமலில்லை. சுகாதார விவரங்களைப் பரிமாறிக்கொள்ள உலகெங்கும் வழங்குவதும், 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஏற்றதுமான ‘ஃபயர்’ என்னும் வரையறையில், பிறந்த நாளை ஆண்டு மட்டுமாகவோ, ஆண்டும் மாதமும் மட்டுமாகவோ எழுத இடமுண்டு. ஃபைல்மேனின் பூச்சியங்கள் வேறு உருவில் திரும்ப வந்திருக்கின்றன எனலாம். ஆனால் வரையறை இடமளித்தாலும், அதன்மேல் எழுதப்படும் திரை இடமளிக்காவிட்டால் பயனில்லை. திரையை வடிவமைப்போர் களப்பணியாளரை அரிதாகவே கேட்கின்றனர்.

2009இல் தொடங்கிய தாய் சேய் தொடர்கண்காணிப்பு முறையிலிருந்து ஆர்.சி.எச். தளத்துக்கு மாறியதைக் கண்ட சுகாதாரச் செவிலியர் பலர் இன்றும் பணியில் உள்ளனர். இனியும் இத்தகைய மாற்றங்கள் வரும். அப்போது செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. அதற்குக் கணிப்பொறி அறிவு வேண்டியதில்லை. பழைய பதிவேட்டிலிருந்து இருபது சிக்கலான பதிவுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்த பாட்டி, பெயரிடப்படாத இரட்டைக் குழந்தைகள், பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண், திருமணத்தின்பின் முகவரி மாறியவர், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு விவரம் திரும்பாதவர் போன்றோர் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவையும் புதிய முறையில் தேடிப் பார்த்து, கிடைத்ததா, அப்படியே கிடைத்ததா, மாறிக் கிடைத்ததா என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு புதிய முறையில் வேண்டுமென்றே பொருந்தாத இடத்துக்கு ஒரு பரிந்துரையை எழுதி, அது எங்கே போய்த் தங்குகிறது, யாருக்குச் செய்தி வருகிறது என்று பார்க்க வேண்டும். இருபதில் ஒன்று காணப்படாவிட்டாலும், பழைய பதிவேட்டைப் பரணுக்கு அனுப்பும் நாளைத் தள்ளிவைக்கும்படி மேலதிகாரிக்கு எழுதலாம்.